ஒரு மீற்றர், இரண்டு குடும்பம்: அன்புவழிபுரத்து வீடொன்றின் கரண்ட், காஸ் கணக்கு

திருகோணமலை அன்புவழிபுரத்தில் மாடி வைத்த ஒரு வீடு. கீழே அக்கா, அவரது கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஆஸ்துமாக்காரத் தாய். மேலே தம்பி, தம்பி மனைவி, ஒரு கைக்குழந்தை. இரண்டு சமையலறை, இரண்டு காஸ் அடுப்பு, ஒரேயொரு மின் மீற்றர். அந்த மீற்றர் இறந்துபோன தகப்பனின் பெயரில்தான் இன்னும் இருந்தது. 2025 ஜூன் மாதக் கட்டண உயர்வுக்குப் பிறகு வந்த பில் 8,552 ரூபா, வரி தனி. அதை யார் எவ்வளவு கட்டுவது என்பதில் தொடங்கியது, நல்லாய் இருந்த இரண்டு குடும்பமும் படியில் கண்டால் முகம் கொடுக்காத அளவுக்கு வந்துவிட்டது.

நான் அவர்களுக்கு உறவு. விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் கணக்குப் பார்த்துத் தரும்படி கேட்டார்கள். இரண்டு குடும்பமும் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு மீற்றரில் இரண்டு குடும்பம் இருக்கிற வீடுகள் நிறைய. அவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் வந்த கேள்வி

லண்டனில் இருக்கும் மூத்த அண்ணா வாட்ஸ்அப்பில் சொன்னது இதுதான்: "உவ்வளவு பில் வருதெண்டால் கம்பனிய மாத்துங்கோவன். நாங்க இங்க அப்பிடித்தான் செய்யிறம்." அவர் சொல்வது அந்த நாட்டுக்குச் சரி. பிரித்தானியாவில் வீட்டுக்கு மின்சாரமும் குழாய்வழி இயற்கை எரிவாயுவும் விற்கப் பல கம்பனிகள் போட்டி போடுகின்றன. 2019 ஜனவரியிலிருந்து அரச ஒழுங்குபடுத்துநர் விலைக்கு ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கிறார். ஆனால் 2021இல் தொடங்கிய எரிவாயு விலையேற்றத்தில் அங்கே ஏறக்குறைய 30 விநியோகக் கம்பனிகள் விழுந்தன. மலிவென்று நம்பிப் போன வீடுகளை வேறு கம்பனிகளிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. தெரிவு இருப்பதும் பாதுகாப்பு இருப்பதும் இரண்டு வேறு விடயங்கள்.

எங்களுக்கு மின்சாரத்தில் அந்தத் தெரிவே கிடையாது. 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை மின்சார சபை போட்ட கம்பிதான் திருகோணமலை மாவட்டம் முழுவதற்கும் வருகிறது. 1983இல் தொடங்கிய லெக்கோ எனப்படும் லங்கா மின்சாரக் கம்பனி நீர்கொழும்பிலிருந்து காலி வரையான கரையோர நகரங்கள் சிலவற்றுக்கு மட்டும் விநியோகிக்கிறது. அங்கேயும் வீட்டுக் கட்டணம் நாடு முழுவதற்கும் உரிய அதே கட்டணம்தான். சபையைப் பல அரச கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டம் 2024இல் 36ஆம் இலக்கமாக நிறைவேறி 2025இல் திருத்தப்பட்டது. அதனாலும் அன்புவழிபுரத்து வீட்டுக்காரருக்கு இரண்டாவது கம்பி வரப்போவதில்லை.

இயற்கை எரிவாயு இன்னும் தூரம். மன்னார்ப் படுகையில் 2011இல் வாயு கண்டுபிடிக்கப்பட்டது, இன்றுவரை எந்த வீட்டு அடுப்பிலும் அது எரியவில்லை. எங்களுக்கு வருவது சிலிண்டரில் அடைத்த திரவ பெற்றோலிய வாயு. அதில் மட்டும் லிட்ரோ, லாஃப்ஸ் என்று இரண்டு பெயர்களுக்கு இடையில் தெரிவு உண்டு.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் 120 மெகாவாற்று சூரிய மின்நிலையம் என்று 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2006இல் அந்த மண்ணிலிருந்து எழுப்பப்பட்ட சனங்கள் எங்கள் சனங்கள். நாட்டின் சக்தித் திட்டங்கள் எங்கள் கரையில் இவ்வளவு இடம் பிடித்திருந்தும், எங்கள் வீட்டுப் பில்லில் அதனால் ஒரு சதம் குறைவதில்லை.

ஆகவே அண்ணாவின் கேள்வியை ஒதுக்கிவைத்தோம். எந்தக் கம்பனி என்பதை விட, வீட்டின் எந்த வேலைக்குக் கரண்ட், எந்த வேலைக்குக் காஸ், அந்த வேலைக்குச் செலவாகும் கடைசி யூனிற் என்ன விலை என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பில்லுக்குள் இருக்கும் படிகள்

2025 ஜூன் 12இலிருந்து நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்தே இந்தக் கணக்கு முழுவதும், இங்கே வரும் விலைகள் அன்றையவை. மாதம் 60 யூனிற்றுக்குள் நிற்கிற வீட்டுக்கு முதல் 30 யூனிற் 4.50 ரூபாப்படி, அடுத்த 30 யூனிற் 8 ரூபாப்படி. 30க்குள் நின்றால் நிலைக்கட்டணம் 80, அதற்கு மேல் 60 வரை 210. 60ஐத் தாண்டினால் கணக்கே வேறு. முதல் யூனிற்றிலிருந்து 60 வரை எல்லாமே 12.75 ரூபா. பிறகு 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61. நிலைக்கட்டணமும் கூடவே ஏறும்: 90 வரை 400, 120 வரை 1,000, 180 வரை 1,500, அதற்கு மேல் 2,100.

இதைப் பெருக்கிப் பார்த்தால்தான் உறைக்கும். 60 யூனிற் எரித்த வீட்டுக்கு 585 ரூபா. 61 எரித்தால் 1,183 ரூபா 50 சதம். ஒரே ஒரு யூனிற்றின் விலை ஏறத்தாழ 600 ரூபா. 90இல் 1,720, 91இல் 2,344. 120இல் 3,040, 121இல் 3,581. 180இல் சரியாக 6,000, 181இல் 6,661.

எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. மீற்றர் பார்ப்பவர் 33 நாள் கழித்து வந்தால் 60 என்பது 66 ஆகக் கணக்கிடப்படும். ஆகவே பில்லில் யூனிற்றை மட்டும் பார்க்காமல் எத்தனை நாளுக்கு உரியது என்பதையும் பார்க்க வேண்டும். அத்தான் பில்லைப் பார்த்துப் பதறிய ஒரு மாதம் உண்மையில் நாள் கூடிய மாதம்.

அத்தானிடம் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. இரவு 10.30க்குப் பிறகு உடுப்பு அயன் பண்ணினால் காசு குறையும் என்று நினைத்து, பிள்ளைகளின் சீருடையை நித்திரை முழித்து அயன் பண்ணிக்கொண்டிருந்தார். நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற கட்டணம் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டிய வேறொரு வகை. இவர்களுடைய சாதாரண மீற்றரில் எந்த நேரத்தில் எரித்தாலும் யூனிற் யூனிற்தான். மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில் குறைத்துப் பாவிப்பது நாட்டின் மின்தொகுதிக்கு நல்லது, அவருடைய பில்லுக்கு மாற்றமில்லை. சொன்ன அன்றிலிருந்து மனிசன் நேரத்துக்குப் படுக்கிறார்.

யாரால் இந்தப் பில்?

"நான் தைக்கிற மெசினாலதானாம் இவ்வளவு பில். அப்ப நான் தையல விடட்டோ?" என்று அக்கா கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா" என்றார். அக்காவுக்கோ மேல்வீட்டு வோஷிங் மெசின் மேல் சந்தேகம். இரண்டு பேரும் கண்ணுக்குத் தெரிகிற, சத்தம் போடுகிற சாமானைத்தான் பழித்தார்கள்.

அளந்து பார்த்தோம். ஒரு யூனிற்றுக்கு எத்தனை தரம் மினுக்கும் என்று மீற்றரின் முகப்பிலேயே எழுதியிருக்கும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு சாமானை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மினுக்கம் என்று எண்ணினால் அது இழுக்கிற வாற்று தெரிந்துவிடும். பிரிட்ஜ் நின்று நின்று ஓடுவதால் அதற்கு இந்த முறை சரிவராது. பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய அளவி ஒன்றை இரவல் வாங்கி, நாட்கணக்கில் விட்டுப் பார்த்தோம். மூத்த பிள்ளை கொப்பியில் குறித்துவைத்தாள்.

மாதம் 212 யூனிற்றில் கீழ்வீட்டுப் பங்கு 146. அதில் பழைய பிரிட்ஜ் மட்டும் 57. இரண்டு சீலிங் ஃபான் 36. கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டர் 22, அது இரண்டு வீட்டுக்கும் பொது. ரைஸ் குக்கர் 9, லைற் 7, அயன் 6, ரீவி 5, கெட்டில், சில்லறைச் சாமான் 2. தையல் மெசின் 2 யூனிற். இரண்டே இரண்டு. அக்கா அந்த எண்ணைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

மேல்வீடு 66. சிறிய புதுப் பிரிட்ஜ் 24, ஃபான் 22, ரைஸ் குக்கர் 7, லைற், ரீவி, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து 7, அயன் 2, அக்கா சந்தேகப்பட்ட வோஷிங் மெசின் 4.

மோட்டர் 22 யூனிற் எரித்ததற்குக் காரணம் தேடினபோது ஓர் ஒழுக்குக் கிடைத்தது. மேல்வீட்டுக் கழிவறைச் சிஸ்டர்னில் வால்வு முழுதாய் மூடவில்லை. இரவும் பகலும் மெல்லிய நூலாய்த் தண்ணீர் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து கரண்ட் செலவழித்து ஏற்றின தண்ணீர் அது.

இரண்டாவது மீற்றர்

பில்லைப் பார்த்தவுடன் எனக்குத் தட்டுப்பட்டது இதுதான். 146 யூனிற் எரிக்கும் வீடும் 66 யூனிற் எரிக்கும் வீடும் ஒரே மீற்றரில் இருப்பதால், இரண்டும் சேர்ந்து 180க்கு மேலே, யூனிற் 61 ரூபாவான உச்சிப் படியில் நிற்கின்றன. தனித்தனி மீற்றர் என்றால், அன்றைய பாவனையிலேயே கீழ்வீட்டுக்கு 4,606, மேல்வீட்டுக்கு 1,276, கூட்டினால் 5,882. ஒரு யூனிற்கூடக் குறைக்காமல் 2,670 ரூபா குறைகிறது.

இதில் நேர்மையாக இருக்க வேண்டும். ஒரு சமையலறை, ஒரு குடும்பம் உள்ள வீட்டுக்குப் பில் குறைக்க மட்டும் இரண்டு மீற்றர் கேட்பது ஏய்ப்பு. குறைந்த படிகளின் விலை, குறைவாகப் பாவிக்கும் குடும்பங்களுக்கு உதவவென்று வைக்கப்பட்டது. இந்த வீட்டில் இருப்பது உண்மையிலேயே இரண்டு குடும்பம், வெளிப்படிக்கட்டு வழியாகத் தனி வாசல், தனிச் சமையல். இரண்டு குடும்பத்தை ஒன்றாக எண்ணி அவர்கள் இவ்வளவு காலமும் கட்டினதுதான் அநியாயம்.

வேலை பத்திரத்தில்தான் இழுத்தது. மீற்றர் தகப்பன் பெயரில், காணி உறுதியும் தகப்பன் பெயரில். மாடி தம்பிக்கு என்று வாய்ச்சொல்லில் இருந்ததே தவிர எழுத்தில் இல்லை. முதலில் கீழ்வீட்டுக் கணக்கை அக்கா பெயருக்கு மாற்றவும், மேல்வீட்டை உள்ளூராட்சி சபையில் தனி இலக்கத்தில் பதியவும் வேண்டி வந்தது. அதற்குத் தாயும் மூன்று பிள்ளைகளும் ஒப்பம் வைக்க வேண்டும். லண்டன் அண்ணாவின் சம்மதக் கடிதம் வர நாளெடுத்தது. வயரிங்கையும் பிரித்தார்கள். மேல்வீட்டுக்குத் தனி மெயின் சுவிட்ச், கோளாறு வந்தால் தானாய்க் கரண்டை நிறுத்தும் தனி ரிப் சுவிட்ச், தனி நிலத்தொடுப்பு (ஏர்த்), தகுதியுள்ள மின்னிணைப்பாளரின் சோதனை அறிக்கை. பிரித்தபோது கீழ்வீட்டில் நிலத்தொடுப்பே இல்லாத இரண்டு பிளக் பொயின்ற் அகப்பட்டன. அதில் ஒன்றில்தான் தாய்க்கு ஆஸ்துமா மருந்தை நுண்துளியாக்கித் தரும் நெபுலைசரைச் செருகிக்கொண்டிருந்தார்கள். காசுக் கணக்கை விட இது என்னைக் கூடுதலாய் உலுக்கியது. பழைய வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை பார்ப்பித்துக்கொள்ளுங்கள்.

மோட்டரைக் கீழ்வீட்டு மீற்றரிலேயே விட்டார்கள். தண்ணீருக்கென்று தம்பி மாதம் ஒரு தொகை கொடுப்பது என்று பேசி முடித்தார்கள்.

குறைத்தது எதை

புதுச் சாமான் வாங்கச் சொல்வது எளிது. இந்தக் குடும்பத்தில் ஒரு சம்பளமும் ஒரு தையல் வருமானமும் கீழே, ஒரு சம்பளம் மேலே. அதனால் காசு குறைந்த வேலையிலிருந்து தொடங்கினோம்.

சிஸ்டர்ன் வால்வை மாற்ற மோட்டர் 22இலிருந்து 13 யூனிற்றுக்கு இறங்கியது. பழைய பிரிட்ஜின் கதவு ரப்பர் வெடித்திருந்தது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் வழுக்கி வந்துவிடும். ரப்பரை மாற்றி, அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். 57 இருந்தது 45 ஆனது.

காசு போட்டு மாற்றினது ஃபான் மட்டும்தான். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஃபான் இல்லாமல் படுக்க முடியாது. வைகாசி தொடங்கினால் இரவிலும் சுவர் சூடு விடும். பழைய சீலிங் ஃபான் 75 வாற்று இழுக்கிறது, புதுவகை பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டர்) ஃபான் 30 வாற்றுச் சொச்சத்தில் அதே காற்றைத் தருகிறது. கீழே இரண்டும் மேலே ஒன்றும் மாற்றினார்கள். கீழே 36 யூனிற் 15 ஆனது, மேலே 22 யூனிற் 10 ஆனது.

இப்போது கணக்கு: கீழ்வீடு 104 யூனிற், 2,656 ரூபா. மேல்வீடு 54 யூனிற், 537 ரூபா. இரண்டும் சேர்ந்து 3,193. யூனிற் கால்வாசிதான் குறைந்தது, காசு அறுபது வீதத்துக்கு மேல் குறைந்தது. மேல்வீட்டில் மாற்றின ஒற்றை ஃபான் 66ஐ 54 ஆக்கி, 60க்குக் கீழே இறக்கி, மாதம் 739 ரூபா மிச்சம் பிடிக்கிறது. அதே ஃபானை 150 யூனிற் எரிக்கும் வீட்டில் மாற்றினால் இவ்வளவு கிடையாது. உங்கள் வீடு எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்று தெரியாமல் எந்தச் சாமானையும் மாற்ற வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மேல்வீட்டுக்கு மீற்றர் வந்த முதல் பில் 57 யூனிற். அடுத்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல், பகல் முழுக்க ஃபான் ஓடியது, 63 யூனிற், 1,220 ரூபா 50 சதம். தம்பி மனைவி அந்தப் பில்லைப் பார்த்து அழுதுவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஃபான் போடத்தான் வேண்டும் பிள்ளை, அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றேன். அதற்கடுத்த மாதம் 55.

காஸ்: எந்தச் சிலிண்டர், எந்த அடுப்பு

கீழ்வீட்டுக்கு 12.5 கிலோச் சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 45 நாளுக்குப் போகும். பிட்டும் இடியப்பமும் அவிக்கிற வீடு. ஒரு முகவர் இன்டக்சன் அடுப்பைக் காட்டி, "காஸ் செலவே இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது.

ஒரு கிலோ காஸில் ஏறத்தாழ 12.8 யூனிற்றுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. 12.5 கிலோவில் 160. காஸ் அடுப்பில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் பாத்திரத்துக்குப் போகிறது, மிச்சம் பக்கத்தால் போய்விடும். இன்டக்சனில் நூற்றுக்கு 85 வரை போகும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் சமையலைச் செய்ய இன்டக்சனுக்கு ஏறக்குறைய 103 யூனிற் வேண்டும். 2025இன் முதற்பாதியில் லிட்ரோ 12.5 கிலோ கொழும்பு விலை 3,690 ரூபா. எங்கள் பக்கம் ஏற்றுக்கூலி சேரும். 3,690ஐ 103ஆல் வகுத்தால் யூனிற் 36 ரூபா. கரண்ட் 36க்குக் கீழே கிடைத்தால் கரண்டில் சமைப்பது இலாபம், மேலே போனால் காஸ் இலாபம்.

இந்த 36, கட்டணத்தின் 24க்கும் 41க்கும் நடுவில் விழுகிறது. 120 யூனிற்றுக்குள் இருக்கும்வரை கரண்ட், அதைத் தாண்டினால் காஸ். அக்கா சமையல் முழுவதையும் இன்டக்சனுக்கு மாற்றினால் மாதம் 69 யூனிற் கூடி 173 ஆகும், பில் 5,713. கூடுதல் 3,057, காஸில் மிச்சம் 2,460. மாதம் 600 ரூபா நட்டம், அதற்கு மேல் அடிப்பக்கம் காந்தம் பிடிக்கும் புதுச் சட்டிபானை. முகவர் சொன்னது பொய்யில்லை, காஸ் செலவு இருக்காதுதான். கரண்ட் செலவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஆனால் 104க்கும் 120க்கும் இடையில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குள் சுடுதண்ணி கெட்டிலில் வைப்பதும் சோறு ரைஸ் குக்கரில் ஆக்குவதும் நல்லது. 15 யூனிற் அப்படிச் செலவழித்தால் 360 ரூபா, அதே வேலைக்குக் காஸ் 537 ரூபா. மேல்வீட்டுக்கு அந்த இடமும் இல்லை. 60க்கு ஐந்தாறு யூனிற்தான் இடைவெளி, அவர்கள் கெட்டிலையும் தவிர்த்து எல்லாவற்றையும் காஸில் செய்வதே சரி.

லிட்ரோவா லாஃப்ஸா? 2025 ஏப்ரலில் லிட்ரோ 3,690இல் நிற்க, லாஃப்ஸ் 12.5 கிலோ 4,100க்கு ஏறியது. கிலோவுக்கு 295 ரூபாவும் 328 ரூபாவும். எரிகிறது ஒன்றுதான், ஆகவே விலையே முதற்காரணம் ஆகலாம். இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, நடந்துபோகும் தூரத்துக் கடை எதை வைத்திருக்கிறது. அன்புவழிபுரத்திலிருந்து பிரதான வீதிக்கு முச்சக்கரவண்டி பிடித்துச் சிலிண்டர் ஏற்றி வந்தால் விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். மற்றது தட்டுப்பாடு. 2022ஐ யாரும் மறக்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு, காஸுக்கு நாட்கணக்கில் வரிசை, ஓகஸ்டில் 87 ரூபா மண்ணெண்ணெய் 340 ரூபா. அந்த நாட்களில் தாய் கிணற்றடியில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தார். புகை அவருக்குக் கட்டோடு ஆகாது. அவருக்கு இழுப்புக் கூடியது அதற்குப் பிறகுதான்.

அதனால் இரண்டு குடும்பமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு சமையலறையிலும் பெரிய சிலிண்டர் விலை குறைந்த கம்பனியுடையது. அவசரத்துக்குப் பொதுவில் மற்றக் கம்பனியின் 5 கிலோச் சிலிண்டர் ஒன்று. ஒரு கம்பனிக்குக் கப்பல் வராவிட்டாலும் மற்றது வரக்கூடும். விலையை ஒரே கம்பனிக்குள் ஒப்பிட்டால், லிட்ரோ 5 கிலோ அப்போது 1,482 ரூபா, கிலோவுக்கு 296, பெரிய சிலிண்டரோடு ஒப்பிட ஒரு ரூபாதான் வித்தியாசம். சின்னச் சிலிண்டரில் காஸ் விலை கூட என்று பலர் நினைப்பது சரியில்லை, முதலில் வாங்கும் வெற்றுச் சிலிண்டரின் விலைதான் மேலதிகம். ரெகுலேற்றர் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கினார்கள்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்ததும், புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதே காரணம் என்று அரசு அமைத்த குழு சொன்னதும் நினைவிருக்கும். கலவையை நாங்கள் வீட்டில் சோதிக்க முடியாது. குழாயையும் ரெகுலேற்றரையும் சோதிக்கலாம். சவர்க்கார நுரையைப் பூசி, குமிழ் வருகிறதா என்று பார்த்தால் போதும். கீழ்வீட்டுக் குழாய் அடுப்புப் பக்கம் வெடித்திருந்தது, மாற்றினார்கள். சிலிண்டரின் வெற்று நிறை அதன் கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும். அதோடு 12.5 கூட்டி, கடைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லலாம். முகம் சுழித்தாலும் கேளுங்கள், அது உங்கள் காசு. முறைப்பாடு என்றால் பாவனையாளர் அதிகார சபையின் இலக்கம் 1977.

சோலார் பற்றி

8,552 ரூபா பில் வந்தபோது, மாடிக் கூரைக்கு 5 கிலோவாற்று சோலார் போடச் சொல்லி வங்கிக் கடன் படிவத்தோடு ஒருவர் வந்திருந்தார். எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவாற்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிற் தரும். மாதம் 600. வீட்டுக்கு 212 போக மிச்சம் 388 யூனிற்றை மின்சார சபைக்கு விற்கலாம். 2016இல் இப்படி வாங்கும் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு வருடத்துக்கு யூனிற் 22 ரூபா. பிறகு 37 வரை ஏறி, 27க்கு இறங்கி, 2025இல் 5 கிலோவாற்று வரைக்கும் 20.90. ஆக 8,109 ரூபா வருமானம், அதோடு பில்லும் இல்லை, மாதம் 16,000க்கு மேல் நன்மை என்று அவர் கணக்குக் காட்டினார். நிலைக்கட்டணம் அந்தக் கணக்கில் இருக்கவில்லை.

மீற்றர் பிரிந்து, ஒழுக்கு அடைபட்டு, ஃபான் மாறின பிறகு அதே கணக்கு கீழ்வீட்டு மீற்றருக்கு 13,000க்கு வருகிறது. முதலில் வீணாய்ப் போவதை நிறுத்தாமல் சோலார் போட்டிருந்தால், ஒழுகிய சிஸ்டர்னுக்கும் சேர்த்துக் கடன் கட்டியிருப்பார்கள். சோலார் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கடல் உப்புக் காற்றைத் தாங்கும் சட்டகத்தோடு, தேவைக்கேற்ற அளவில் போட்டால் நல்ல முதலீடு. ஆனால் தாயின் நெபுலைசருக்கு இது உதவும் என்று நம்பித்தான் அக்கா அரை மனதாய்ச் சம்மதித்திருந்தார். பற்றரி இல்லாத சோலார், கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரைக் காப்பாற்ற, பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையக் கோளாறோடு நாடு முழுவதும் இருண்டபோது, நல்ல வெயிலில் கூரை நிறையப் பனல் வைத்திருந்தவர்களுக்கும் ஃபான் சுற்றவில்லை. அந்த ஏப்ரலில் வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில், பகலில் சோலாரை நிறுத்தி வைக்கும்படி சபை கேட்கவும் வேண்டி வந்தது.

தாய்க்கு வேண்டியது சோலாரைவிடச் சின்ன ஒன்று. சிறிய பற்றரியோடு ஓர் இன்வேர்ட்டர், நெபுலைசரும் ஒரு மேசை ஃபானும் ஓடினால் போதும். அதை முதலில் வாங்கினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் வெள்ளமும் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது இந்த வீட்டுக்கும் கரண்ட் நின்றது. நெபுலைசர் ஓடியது. கீழே சிலிண்டர் முடிந்ததும் அந்த 5 கிலோவை மாட்டினார்கள். வெள்ளத்தில் வீடு விட்டு வந்த உறவினருக்கும் சேர்த்து அதில்தான் சமையல்.

இப்போது மிச்சம் இருப்பது பழைய பிரிட்ஜ். ரப்பர் மாற்றியும் 45 யூனிற் எரிக்கிறது, அந்த அளவுப் புது இன்வேர்ட்டர் வகை 27க்குள் ஓடும். மாற்றினால் கீழ்வீடு 104இலிருந்து 86க்கு, 90க்குக் கீழே வரும். பில் 2,656இலிருந்து 1,646. மாதம் 1,010 ரூபா மிச்சம். அக்கா அதற்கென்று சீட்டுப் போட்டிருக்கிறார். ஆனால் 2022 ஓகஸ்டிலிருந்து 2025 ஜூன் வரை வீட்டுக் கட்டணம் எட்டுத் தடவை மாறியிருக்கிறது, 75 வீத ஏற்றமும் அதில் உண்டு, 22.5 வீத இறக்கமும் உண்டு. சீட்டுக் காசு கைக்கு வரும் நாளில் எந்தப் படிக்கு என்ன விலை என்று பார்த்து, பிரிட்ஜ் கணக்கையும் அந்த 36 ரூபாக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். மூத்த பிள்ளைக்கு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கொப்பி அவளிடம் இருக்கிறது.